சலவைப் பிரிவுக்கு வெயில் ஒதுக்கப்பட்ட விவரம்

மடிப்பக்காவுக்கு வாத்து என்று இன்னொரு பெயரும் உண்டு. முதல் பெயரை நேரில் சொல்லிக் கூப்பிடுவோம். இரண்டாவது பெயரை, அவர் தள்ளுவண்டியோடு வெளியே போய்க் கதவு சாத்திக்கொண்ட பிறகு சொல்வோம். இரண்டு பெயருமே அவருக்கு வேலையால் வந்தவைதான் என்பது எங்களுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

நாங்கள் வேலை பார்த்தது ஆறு மாடி மருத்துவமனையின் அடித்தளத்தில். படியிறங்கினால் ஒரே நீள நடைபாதை. இடது பக்கம் சலவைப் பிரிவு, அதற்கு எதிரே என்னுடைய பழைய பதிவேடுகள் அறை, அடுத்து மருந்துக் கிடங்கு, கடைசியில் பிணவறை. கடைசி அறையில் படுத்திருந்தவர்களைத் தவிர மற்ற நாற்பத்தொரு பேரும் விடிந்தும் விடியாமலும் உள்ளே வந்து, பொழுது சாய்ந்த பிறகு வெளியே போனோம். வெளியே மழையா வெயிலா என்பதை மேலிருந்து வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம்.

மடிப்பக்காவின் வேலை, உலர்ந்து வரும் துணிகளை மடிப்பது. ஒரு நாளைக்குச் சுமார் ஆயிரம் படுக்கை விரிப்புகள். அதற்கு மேல் தலையணை உறைகள், பச்சை அங்கிகள், டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகள். பெரிய விரிப்பை மடிக்க மற்றவர்களுக்கு இரண்டு ஆள் வேண்டும். அவர் நடுவை மோவாயில் அழுத்திப் பிடித்து, இரண்டு கையாலும் ஓரங்களைச் சேர்த்து, நாலே அசைவில் மடித்து, மருத்துவமனை முத்திரை மேலே தெரிகிற மாதிரி அடுக்கிவிடுவார். மேலே இருந்த நூற்றைம்பது டாக்டர்களில் அவருக்கு முகம் தெரிந்தவர்கள் இரண்டோ மூன்றோ பேர். ஆனால் எல்லோருடைய பாக்கெட்டும் தெரியும். குழந்தைகள் டாக்டர் மிட்டாய் வைத்திருப்பார் என்பதும், இதய டாக்டர் சிகரெட் வைத்திருப்பார் என்பதும் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் அடித்தளத்தில் இல்லை. மொட்டை மாடியில் இருந்தார். அப்போது துணியெல்லாம் அங்கேதான் காய்ந்தது. கம்பிக் கொடிகள் கட்டியிருப்பார்கள். எட்டுப் பெண்கள் ஈர விரிப்புகளை ஏற்றிக்கொண்டு போய் உதறிப் போட்டு, காய்ந்ததும் எடுத்து அங்கேயே மடிப்பார்கள். எட்டு வருஷம் அந்த வேலை. பெண் வெயிலில் நின்று நின்று கறுத்துப்போய்விட்டாள் என்று அவருடைய அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி மாய்ந்துபோவாராம். பிறகு நிர்வாகம் நாலு டிரையர்களை வாங்கி அடித்தளத்தில் வைத்தது. நாடா வெட்டினார்கள். இனி நம் ஊழியர்கள் யாரும் வெயிலில் வாட வேண்டியதில்லை என்று நிர்வாக அதிகாரி பேசினார். எட்டுப் பேரும் கை தட்டினார்கள். தான் கொஞ்சம் கூடுதலாகவே தட்டியதாக மடிப்பக்காவே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

கீழே வந்த நாலாவது வருஷம் கால் வலி ஆரம்பித்தது. முதலில் கெண்டைக்கால், அப்புறம் தொடை, அப்புறம் இடுப்பு. எங்கே வலிக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னால் அவருக்குக் காட்டத் தெரியவில்லை. தரையில் உட்கார்ந்தால், எழுந்திருப்பதற்குத் தன் முழங்காலையே பிடித்துத் தன் மேலேயே ஏறி வர வேண்டியிருந்தது. பேருந்தில் காலால் ஏறுவதை விட்டுவிட்டுக் கையால் ஏற ஆரம்பித்தார். கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்துக்கொள்வார். அவருக்காக ஓட்டுநர் அரை நிமிஷம் கூடுதலாக நிறுத்துவார். நடக்கும்போது உடம்பு ஒரு அடிக்கு இந்தப் பக்கமும் அடுத்த அடிக்கு அந்தப் பக்கமும் சாயும். வாத்து அப்படி வந்ததுதான்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவருடைய வீட்டுக்காரர் கட்டடங்களுக்கு வெளிச்சுவர் பெயின்ட் அடிப்பவர், பகலெல்லாம் கயிற்றில் தொங்குகிற ஆள். செருப்புதான் காரணம் என்று சொல்லி மூன்று ஜோடி மாற்றிக் கொடுத்தார். கல்லூரியில் படிக்கிற மகள் எடை என்றாள். எடை குறைந்தது, வலி குறையவில்லை. மருந்துக் கடைக்காரர் வாயு என்றார். சலவை மேற்பார்வையாளர் காற்றோட்டம் போதவில்லை என்று மேலே எழுதி ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்தார். விசிறி நன்றாகச் சுற்றியது. மடிப்பக்கா, வயசு என்றார். அப்போது அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

வெளிநோயாளிகளுக்கு டோக்கன் கொடுக்கிற நேரம் காலை ஏழு முதல் பதினொன்று. மாடிகளிலிருந்து அழுக்குத் துணி இறங்குகிற நேரமும் அதுதான். ஆகவே தலைக்கு மேலே நூற்றைம்பது டாக்டர்களை வைத்துக்கொண்டு ஏழு வருஷத்தில் அவர் ஒரே ஒரு தடவைதான், அதுவும் கடைசி வருஷத்தில், காட்டிக்கொண்டார். ஒரு சின்ன டாக்டர் மூன்று நாளைக்கு வலி மாத்திரை எழுதி, கனம் தூக்கக் கூடாது என்றார். மடிப்பக்கா சரி என்று தலையாட்டிவிட்டுக் கீழே வந்து வண்டியைத் தள்ளினார்.

இப்படியே போயிருக்கும். எலும்பு டாக்டர் தன் மூக்குக் கண்ணாடியைக் கோட்டுப் பாக்கெட்டிலேயே விட்டுவிட்டதால் போகவில்லை.

அவர் நெட்டையான, அதிகம் பேசாத மனிதர். ஒரு புதன்கிழமை பதினொரு மணிக்கு, கண்ணை இடுக்கிக்கொண்டு அடித்தளத்துக்கு இறங்கி வந்தார். பாக்கெட்டில் கிடைக்கிற சாமான்களைப் போட்டுவைக்கிற பெட்டி சலவைப் பிரிவின் கடைக்கோடியில் இருக்கும். மடிப்பக்கா நாற்பது அடி நடந்து போய் எடுத்து, நாற்பது அடி நடந்து வந்து கொடுத்தார். டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரையே பார்த்தார்.

"அங்க போய்ட்டு மறுபடியும் வாங்கம்மா."

"பெட்டியில இது ஒண்ணுதான் சார் இருந்துச்சு."

"பெட்டிக்காக இல்ல. நடங்க."

மடிப்பக்கா நடந்தார். திருட்டுச் சந்தேகம் என்று நினைத்ததாகப் பின்னால் சொன்னார்.

"எத்தனை வருஷமா இப்படி நடக்கறீங்க?"

"எப்படி நடக்கறேன் சார்?"

டாக்டர் எங்களைப் பார்த்தார். நான் வாசலில் கோப்புக் கட்டோடு நின்றுகொண்டிருந்தேன். மேற்பார்வையாளர் விசிறியைப் பார்த்தார். சலவை இயந்திரம் ஓட்டுகிற ஆள், அவரை நாங்கள் சோப்பு என்போம், இயந்திரத்தின் கண்ணாடி வட்டத்துக்குள் துணி சுற்றுவதை முதன்முதலாகப் பார்ப்பவர் போல உற்றுப் பார்த்தார். அந்த நடைக்கு ஏழு வருஷமாக ஒரு பெயர் வைத்திருந்தோமே ஒழிய, அது ஒரு நோயாக இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

டாக்டர் அவரை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைக் கட்டை விரலால் அழுத்தினார். மடிப்பக்கா காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கையை ஊன்றாமல் எழுந்திருங்கள் என்றார். முடியவில்லை. அப்புறம் அவர் கேட்ட கேள்வி எங்களுக்குச் சம்பந்தமில்லாததாகத் தோன்றியது.

"மத்தியான வெயில்ல கடைசியா எப்ப நின்னீங்க?"

மடிப்பக்கா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "போன வருஷம் தீ விபத்து ஒத்திகைன்னு எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போய் நிக்க வச்சாங்க சார். இருபது நிமிஷம் இருக்கும்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முந்தின ஒத்திகை."

அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். வலது தொடை எலும்பின் மேல்பகுதியில் ஒரு கீறல். விழாமல், அடிபடாமல், சும்மா நின்று துணி மடித்துக்கொண்டிருந்த எலும்பில் விழுந்த கீறல். ரத்தத்தில் வைட்டமின் டி எவ்வளவு என்று பார்த்ததில், முப்பது இருந்தால் நல்லது, இருபதுக்குக் கீழே போனால் குறைவு என்று அச்சடித்திருந்த தாளில், நாலுக்கும் கீழே என்று வந்தது. அதற்குக் கீழே எண்ண அந்த இயந்திரத்தால் முடியாதாம். ஆய்வகக்காரர் இயந்திரம் கெட்டுவிட்டது என்று நினைத்து, சரிபார்ப்பதற்காகத் தன் ரத்தத்தையே எடுத்துப் போட்டார். பதினொன்று வந்தது. ஆய்வகத்துக்கும் ஜன்னல் கிடையாது.

டாக்டர் சொன்னதை மடிப்பக்கா வீட்டில் போய் இப்படிச் சொன்னார்: வெயில் தோலில் பட்டால் உடம்பு ஒரு சத்தைத் தானே செய்துகொள்ளும். அது இருந்தால்தான் சாப்பாட்டில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தை உடம்பு பிடித்து எலும்பில் சேர்க்கும். இல்லாவிட்டால் எலும்பு கஞ்சி போடாத துணி மாதிரித் தொய்ந்துவிடும். தசையும் சோர்ந்துபோகும். அதனால்தான் படியேற முடியவில்லை. வீட்டுக்காரர் முழுவதையும் கேட்டுவிட்டு, "வெயிலா? அது சும்மாதானே கிடக்குது" என்றார். மூன்று ஜோடி செருப்பையும் ஒரு தடவை பார்த்தார். பின்னால் அவரையும் சோதித்தபோது முப்பத்தாறு வந்தது. சோதித்தவர்களில் அதுதான் ஆக அதிகம். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் அலைந்தார்.

வாரத்துக்கு ஒரு மாத்திரை எட்டு வாரம், தினம் இரண்டு வேளை கால்சியம், ஆறு வாரம் ஊன்றுகோல், வலது காலில் பாரம் போடக் கூடாது. கூடவே வெயில். வெயிலில்தான் சிக்கல் வந்தது. அவர்கள் வீடு இரண்டு உயரமான கட்டடங்களுக்கு நடுவே தரைத்தளத்தில் இருந்தது. வீட்டுக்குள் வெயில் வருகிற ஒரே இடம் குளியலறையின் மேல் ஜன்னல். அதுவும் இருபத்தைந்து நிமிஷம். மேல் வீட்டுக்காரர் இரக்கப்பட்டுத் தன் வீட்டுக் கண்ணாடி ஜன்னலோரத்தில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். மடிப்பக்கா பத்து நாள் மகளின் தோளைப் பிடித்து ஒற்றைக் காலில் படியேறி அங்கே போய் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு டாக்டரைப் பார்க்கப் போனபோது, கண்ணாடி வழியாக வருகிற வெயிலில் சூடு வரும், வெளிச்சம் வரும், எலும்புக்கு வேண்டியது வராது என்று தெரிந்தது. பத்து நாளும் வியர்த்ததுதான் மிச்சம்.

மகள் ஒரு வழி கண்டுபிடித்தாள். நிழல் ஆளைவிடக் குட்டையாக விழுகிற நேரத்து வெயில்தான் வேலைக்கு ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் தெருமுனையில் வண்டிகள் நிறுத்துகிற இடத்துக்கு ஒரு நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டு, அம்மாவின் நிழலைக் காலால் அளந்து பார்த்து, சரி, இப்போது உட்காரலாம் என்பாள். மடிப்பக்கா சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி, ஊன்றுகோலை மடியில் வைத்து, இரண்டு மோட்டார் சைக்கிளுக்கு நடுவே அரை மணி நேரம் உட்காருவார். போகிறவர்கள் வருகிறவர்கள் யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். முதல் வாரம் விவரம் சொன்னார். இரண்டாவது வாரத்திலிருந்து, வீட்டுக்காரருக்காக என்றார்.

ஆறு வாரம் கழித்து வேலைக்கு வந்தபோது, நிற்கிற வேலை கொடுக்கக் கூடாது என்று டாக்டர் எழுதியிருந்தார். சலவைப் பிரிவில் உட்கார்ந்து செய்கிற வேலை மேற்பார்வையாளருடையது மட்டும்தான். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆகவே மடிப்பக்காவை எதிரே என் அறைக்கு அனுப்பினார்கள்.

அதே வாரம் எலும்பு டாக்டரும் என் அறைக்கு வந்தார். உடம்பு வலி, கால் வலி, இடுப்பு வலி என்று வந்து போனவர்களின் ஒரு வருஷத்துக் கோப்புகள் வேண்டும் என்றார். தேடி எடுத்ததில் முந்நூற்றுப் பன்னிரண்டு கிடைத்தன. அதில் ரத்தத்தில் இந்தச் சத்தைப் பார்த்தது ஒன்பது பேருக்கு. மீதி எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே வாசகம்: உடல்வலி, ஓய்வு எடுக்கவும். கையெழுத்து மட்டும் வேறு வேறு. மடிப்பக்கா ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒன்றை மட்டும் கீழே வைக்காமல் கையில் வைத்திருந்தார். அவருடைய கோப்பு. மற்றவற்றோடு சேர்த்து அடுக்கி, ஓரங்களைத் தட்டிச் சமன் செய்தார்.

"இவங்களுக்கெல்லாம் யார் சார் சொல்றது?" என்று கேட்டார்.

என்னிடம் ஒரு தொலைபேசி இருந்தது.

முதல் நாள் நான்தான் கூப்பிட்டேன். மருத்துவமனைப் பதிவேடுகள் பிரிவிலிருந்து பேசுகிறேன் என்று ஆரம்பித்தேன். முப்பது பேரில் பதினேழு பேர் வைத்துவிட்டார்கள். நாலு பேர் காப்பீடு வேண்டாம் என்றார்கள். ஒரு பெரியவர், யார் செத்துப்போனார்கள் என்று அழ ஆரம்பித்துவிட்டார். மறுநாள் மடிப்பக்கா என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அவர் பேசுகிற முறை வேறு.

"நான் ஆஸ்பத்திரியில துணி மடிக்கறவ பேசறேன். உங்க கால் வலி இப்ப எப்படிங்க இருக்கு?"

எதிர்ப்பக்கம் பேச்சு ஆரம்பிக்கும். பிறகு நிற்காது. ஒரு கால் வலிக்கு இருபது நிமிஷம் ஆகும். கிடங்கில் ராப்பகலாய்ப் பெட்டி கட்டுகிறவர், பிள்ளை பெற்றதிலிருந்து வாசல் தாண்டாதவர், எட்டு வருஷமாகக் கணினி முன்னால் கணக்கு எழுதுகிறவர் என்று பல பேர். ஒரு பெண் தன் வலியைச் சொல்லி முடித்துவிட்டு, மூன்று வயசுக் குழந்தைக்குக் கால் வில்லாக வளைந்திருக்கிறது, அப்பாவின் நடைதான் வந்திருக்கிறது என்று வீட்டில் சொல்கிறார்கள் என்றார். மடிப்பக்கா, அப்பாவையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். மூன்று பேருக்குமே குறைவாக இருந்தது. குழந்தையின் கால் ஒன்றரை வருஷத்தில் நேரானது.

ஐந்து வாரத்தில் நூற்று அறுபத்து மூன்று பேர் வந்தார்கள். நூற்று முப்பது பேருக்கு மேல் குறைவு. ஐந்து பேருக்கு மடிப்பக்காவுக்கு இருந்த மாதிரியே எலும்பில் கீறல். இதற்கிடையே அடித்தளத்து நாற்பத்தொரு பேரையும் சோதித்தார்கள். முப்பத்தெட்டுப் பேருக்குக் குறைவு. எனக்கு ஒன்பது. எனக்கும் இடுப்பு வலி உண்டு, நாற்காலி சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் எல்லாவற்றையும் எழுதி நிர்வாகத்துக்குக் கொடுத்தார். நிர்வாகம் ஏழு பேர் கொண்ட குழு அமைத்தது. குழு, திரையில் படம் தெரிய வேண்டும் என்பதற்காகத் திரைச்சீலைகளை இழுத்து மூடிக்கொண்டு இரண்டு தடவை கூடியது. இரண்டாவது கூட்டத்தில் டாக்டர் வேறொன்றும் பேசாமல் ஏழு பேரின் ரத்தத்தையும் எடுக்கச் சொன்னார். ஆறு பேருக்குக் குறைவு என்று வந்தது. அதன் பிறகு கோப்பு வேகமாக நகர்ந்தது.

அடித்தள ஊழியர்களுக்கு நாள்தோறும் பதினொன்றரை முதல் பன்னிரண்டு மணி வரை வெயில் ஒதுக்கப்படுவதாக உத்தரவு வந்தது. எங்கே என்பதுதான் கேள்வி. மொட்டை மாடியில் நிற்க இடமில்லை. அங்கே இரண்டு வருஷத்துக்கு முன்பே சூரிய மின்தகடுகளைப் பரப்பிவிட்டார்கள். அந்த மின்சாரத்தில்தான் எங்கள் டிரையர்கள் ஓடின. மொட்டை மாடி வெயில் முழுவதும் துணிக்கே போய்க்கொண்டிருந்தது. முன்பக்கத்துப் புல்தரையில் ஊழியர்கள் நிற்கக் கூடாது என்று பலகையே இருந்தது. கடைசியில் ஆம்புலன்ஸ்கள் திரும்புகிற பின்பக்கத்து முற்றத்தைக் கொடுத்தார்கள். ஆம்புலன்ஸ் வந்தால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை.

முதல் நாள் நாற்பத்தொரு பேரும் போய் நின்றோம். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றோம். என்ன செய்வது என்று தெரியவில்லை. பதினைந்து வருஷம் பக்கத்துப் பக்கத்தில் வேலை செய்தவர்கள், வெளிச்சத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளக் கூச்சப்பட்டோம். மருந்துக் கிடங்குக்காரருக்குத் தலை இவ்வளவு நரைத்திருந்தது எனக்குத் தெரியாது. நோயாளிகளின் உறவினர்கள் வேலைநிறுத்தம் என்று நினைத்துவிட்டார்கள். ஒருவர் எங்களுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். இன்னொருவர், விட்டுக்கொடுக்காதீர்கள் என்று சொல்லிக் கையைக் குலுக்கினார். மூன்றாம் நாள், உங்கள் கோரிக்கை என்ன என்று கேட்டுக்கொண்டு ஒரு நிருபர் வந்தார். வெயில்தான், அதைக் கொடுத்துவிட்டார்கள் என்றார் மடிப்பக்கா. நான்காம் நாள் நிர்வாக அதிகாரி ஒரு பலகை வைத்தார்: வெயில் இடைவேளை. போராட்டம் அல்ல.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது சோப்பு படுத்தார்.

சோப்புக்கு ஆறு என்று வந்திருந்தது. வாரம் ஒரு மாத்திரை என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அவர் தினம் ஒன்று போட்டார். இரண்டு மாதம் கழிந்தும் முழுசாகத் தெம்பு வரவில்லை என்று, மருந்துக் கடையில் வாங்கி மேற்கொண்டு ஒரு மாதம் போட்டார். கறை போகாவிட்டால் சோப்பைக் கூட்டிப் போடுவது அவருடைய தொழில். அந்த அறிவு அவரை ஏமாற்றிவிட்டது. வாந்தி வந்தது, மலச்சிக்கல் வந்தது, எவ்வளவு குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. ஒரு நாள் வெள்ளைத் துணியோடு பச்சை அங்கிகளைச் சேர்த்துப் போட்டுவிட்டு ஏன் போட்டோம் என்று தெரியாமல் நின்றார். மேலே கொண்டுபோனார்கள். ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து எக்கச்சக்கமாக ஏறி, சிறுநீரகம் திணறிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு நாள் அவர் துவைத்த விரிப்பிலேயே படுத்துக் கிடந்தார். பாட்டில் பாட்டிலாகத் திரவம் ஏற்றினார்கள்.

சோப்பின் மனைவி அடித்தளத்துக்கு வந்து மடிப்பக்காவைத்தான் கேட்டார். இந்த மாத்திரைப் பேச்சையெல்லாம் ஆரம்பித்தது நீங்கள்தானே என்றார். சத்தம் போடவில்லை. சாதாரணமாகக் கேட்டார். அதுதான் மடிப்பக்காவைத் தாக்கியது. வாரம் ஒன்று என்று அவர் சோப்பிடம் நூறு தடவை சொல்லியிருந்தார். அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை. பன்னிரண்டு நாளும் வேலை முடிந்து மேலே போய் சோப்பின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். தெளிந்த பிறகு சோப்பு சொன்ன முதல் வார்த்தை இது:

"நீங்க மெதுவா குணமானீங்க அக்கா. நான் சீக்கிரம் ஆயிடலாம்னு பாத்தேன்."

மடிப்பக்கா தலையில் அடித்துக்கொள்ளவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கீழே வந்து என்னிடம் தொலைபேசிப் பட்டியலை வாங்கி, வந்துபோன நூற்று அறுபத்து மூன்று பேரையும் முதலிலிருந்து கூப்பிட ஆரம்பித்தார். எத்தனை நாளைக்கு ஒரு மாத்திரை போடுகிறீர்கள் என்பது மட்டும்தான் கேள்வி. ஆறு பேர் தினம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறு பேரையும் அன்றைக்கே நிறுத்தச் சொல்லி, மறுநாள் காலையில் டாக்டர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். அதில் ஒருவர் பள்ளி ஆசிரியர். கணக்குப் பாடம் எடுப்பவர்.

சோப்பு பிழைத்துக்கொண்டார். சிறுநீரகத்தில் ஒரு கல் மட்டும் தங்கிவிட்டது. அதை அவர் யாரிடமும் மறைப்பதில்லை.

மடிப்பக்காவின் அளவு ஒரு வருஷத்தில் முப்பத்திரண்டுக்கு வந்தது. கீறல் ஆறியது. ஒரு பக்கம் லேசான சாய்வு இருக்கத்தான் செய்கிறது. இடுப்பு நெடுநாள் அப்படியே பழகிவிட்டதால் அது போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேருந்தில் காலால் ஏறுகிறார். இப்போது வாரத்தில் இரண்டு நாள் என் அறையில் தொலைபேசி, நாலு நாள் எதிரே மடிப்பு. முழுநேரமும் தொலைபேசிக்கே வந்துவிடச் சொன்னார்கள். மாட்டேன் என்றார். பேசிப் பேசி வாய் வலிக்கிறது என்றுதான் காரணம் சொன்னார்.

போன மாதம் மூன்றாவது மாடிப் பெண்கள் பகுதியில் ஒரு அம்மாள் இடுப்பெலும்பு முறிந்து சேர்ந்திருப்பதாகக் கோப்பு வந்தது. குளியலறையில் வழுக்கியிருக்கிறார். பெயரைப் பார்த்ததும் நான் பட்டியலை எடுத்தேன். நாங்கள் கூப்பிட்டும் வராதவர்களில் ஒருவர். நான் மடிப்பக்காவிடம் சொன்னேன். அவர் கையில் இருந்த விரிப்பை மடித்து வைத்துவிட்டு, லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் ஏறினார். நானும் பின்னால் போனேன். இரண்டாவது மாடியில் நான்தான் நின்று மூச்சு வாங்கினேன்.

அந்த அம்மாளின் கட்டிலருகே போய், எப்படி இருக்கிறது என்று கேட்டார். அந்த அம்மாள் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"இந்தக் குரல் எனக்குத் தெரியும். துணி மடிக்கறேன்னு ஃபோன் பண்ணீங்க."

"ஆமாம்மா."

"வரலாம்னுதான் இருந்தேன். கால் வலியா இருந்துச்சு, வரல."

மடிப்பக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த அம்மாளின் மகனிடம் ரத்தம் எடுத்தாகிவிட்டதா, என்ன வந்தது என்று விசாரித்தார். ஏழு என்றார் மகன். வாரத்துக்கு எத்தனை மாத்திரை எழுதியிருக்கிறார்கள் என்று சீட்டை வாங்கிப் பார்த்து, மகனை இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லவைத்தார். அந்த அம்மாள், இனிமேல் நடப்பேனா என்று கேட்டார். நடக்கலாம், ஆனால் ரொம்ப நாள் ஆகும் என்றார் மடிப்பக்கா. அவருக்கு ஆறுதல் சொல்ல அவ்வளவுதான் தெரியும். அந்த அம்மாளுக்கு அது போதுமானதாக இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. மடிப்பக்காவின் கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பார்வை நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து சொல்லும்வரை நாங்கள் அங்கேயே இருந்தோம்.